ஊட்டியில் கல்யாணமா? முதலில் கூரையைப் பாருங்கள்!

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று சொல்லி வைத்த மகானுபாவர் சமவெளிக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். மலைக்காரராக இருந்திருந்தால், ‘மலைமேல் கல்யாணம் பண்ணிப் பார்’ என்று மூன்றாவதாக ஒன்றையும் கட்டாயம் சேர்த்திருப்பார்!

சித்திரையும் வைகாசியும் வசந்த ருது என்கிறது பஞ்சாங்கம். நம் ஊர்களில் அந்த வசந்தம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மே மாதம் முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடும். மணவறையில் ஒரு பக்கம் ஹோமப் புகை, மறுபக்கம் பட்டு வேஷ்டி. மாப்பிள்ளையின் நெற்றியிலிருந்து சந்தனம் வழிந்து மூக்கு நுனியில் வந்து நிற்கும். பெண்ணின் தோழி விசிறிக் கொண்டே இருப்பாள். “எப்போது தாலி கட்டி முடியும், எப்போது மோர் வரும்?” என்று சபையே காத்திருக்கும்.

இந்த நிலையில் யாராவது ஒருவர், “ஊட்டியிலே வைத்துக் கொண்டால் என்ன?” என்று மெள்ளக் கேட்டுவிட்டால் போதும். வீடு முழுவதும் குளிர்ந்துவிடும். நியாயந்தான்! கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது உதகமண்டலம். கோவையும் மதுரையும் வறுபடும் மே மாதத்தில், அங்கே பகலில் 22, 23 டிகிரி. இரவில் 11, 12 டிகிரி. குன்னூர்ச் சாலையில் ஜக்கரண்டா மரங்கள் ஊதா நிறப் பூக்களைச் சொரிந்து கொண்டிருக்கும். பஞ்சாங்கம் சொல்லும் வசந்தத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் மலை ஏறத்தான் வேண்டும்.

ஆனால், வாசகர்களே, அந்த வசந்தம் ஒரு செல்லப் பெண். எப்போது சிரிக்கும், எப்போது அழும் என்று பெற்றவளுக்கே தெரியாது!

இரண்டு வருஷத்துச் சமாசாரத்தை மட்டும் சொல்கிறேன். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது. குளிரைத் தேடிப் போனவர்கள் குல்லாயைக் கழற்றிவிட்டுக் குடையைப் பிடித்துக் கொண்டார்கள், வெயிலுக்காக! மூன்றே வாரம். மே மாத நடுவில் கனமழை எச்சரிக்கை. சில நாட்களுக்கு மலைப் பக்கம் வரவேண்டாம் என்று வெளியூராருக்கு ஜில்லா நிர்வாகமே சொல்ல வேண்டியதாயிற்று. 2025-ல் வேறு விதம். வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் காலடி வைக்கும் தென்மேற்குப் பருவமழை, மே 24-ஆம் தேதியே வந்து நின்றது. வைகாசி பத்தாம் தேதி வாக்கில் முகூர்த்தம் வைத்திருந்தவர்களின் கதியை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மலைக்கு ஒரு கால அட்டவணை

அப்படியானால் அங்கே கல்யாணமே செய்யக் கூடாதா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். மலைக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. அதைத் தெரிந்து கொண்டு செய்ய வேண்டும்.

கோடை மழை எப்படிப் பிறக்கிறது? காலையில் வானம் துடைத்துவிட்ட தாம்பாளம் போல இருக்கும். வெயில் ஏற ஏற, கீழே பவானிக் கரையிலும் கோவைச் சமவெளியிலும் சூடேறிய காற்று மலைச்சரிவைப் பிடித்துக் கொண்டு மேலே கிளம்பும். கூடவே ஈரத்தையும் சுமந்து வரும். உயரம் போகப் போக அந்தக் காற்று குளிரும்; ஈரம் மேகமாகும். உச்சிப்பொழுதுக்கு மேல் தொட்டபெட்டாவின் தலையில் கறுப்புத் தொப்பி போட்டாற்போல மேகம் உட்காரும். பிறகு இடி, மழை. சில நாள் ஆலங்கட்டி. இரண்டு மணி நேரம் ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, ஒன்றுமே தெரியாதது போல ஓய்ந்துவிடும்.

சித்திரையிலும் வைகாசி முற்பாதியிலும் பெரும்பாலும் இதுதான் வழக்கம். காலை மனிதர்களுக்கு, பிற்பகல் மழைக்கு. பருவமழை வந்துவிட்டால் இந்த உடன்படிக்கை செல்லாது. அது காலை, மாலை பார்த்துப் பெய்வதில்லை.

இன்னொரு விஷயம். நீலகிரி என்பது ஒரே மலையல்ல, ஒரே மழையுமல்ல. மேற்கே கூடலூர்ப் பக்கமும் அவலாஞ்சிப் பக்கமும் தென்மேற்குப் பருவத்தை மார்பில் ஏந்திக் கொள்பவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது நினைவிருக்கலாம். கிழக்கே கோத்தகிரியோ, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் முதுகுப் பக்கம் பதுங்கிக் கொண்டிருக்கிறது. தென்மேற்கு மழையின் வேகம் அங்கே குறைவு. ஆகவே வைகாசிக் கடைசியில்தான் நாள் அமைந்தது என்றால், ஊட்டியைவிடக் கோத்தகிரி சற்றுப் பத்திரம்.

கூப்பிடாமல் வரும் விருந்தாளி

சில வைகாசிகளுக்கு முன்பு ஊட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்ணின் தகப்பனார் கோவையில் மில் ஸ்டோர் வியாபாரம் செய்பவர், எனக்குப் பழக்கமானவர். பிள்ளை வீட்டார் மைசூரில் குடியேறிய தமிழர்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறதே என்று ஊட்டியை நிச்சயம் செய்தார்கள்.

காலையில் முகூர்த்தம் கல்யாண மண்டபத்தில். மாலை ஆறு மணிக்குப் பக்கத்துப் புல்வெளியில் வரவேற்பு. பெங்களூரில் வேலை பார்க்கும் மணப்பெண்ணுக்கு அந்தப் புல்வெளியின்மீது அப்படி ஓர் ஆசை. மரத்துக்கு மரம் சர விளக்கு, நடுவில் மேடை, பின்னால் மலை. தகப்பனாரும் விளக்குக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

குறுக்கே வந்தவர் பெண்ணின் அம்மிச்சி. எண்பதை நெருங்குகிறவர். குன்னூரில் பிறந்து, வாழ்க்கைப்பட்டுக் கோவைக்கு இறங்கியவர். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பு அவர் பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொண்டார்.

“அம்மிணி, காத்தாலே எத்தனை நேரம் வேணும்னாலும் வெளியிலே வெச்சுக்கோ. மத்தியானச் சோத்துக்கு மேலே மலை நம்முளது இல்லே கண்ணு. அது மழையோடது.”

“போன வருஷம் என் சிநேகிதி கல்யாணத்துலே சொட்டு மழை இல்லீங்க அம்மிச்சி” என்றாள் பெண்.

“அது அவ அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நானூறு பேருக்குப் பாய் விரிக்கலாமா?”

பெண் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் தானாகவே தகப்பனாரிடம் வந்து, “முகூர்த்தத்தைப் புல்வெளியிலே வெச்சுக்கலாமாப்பா? வரவேற்பை மண்டபத்துக்குள்ளே பத்தரை மணிக்கு வெச்சுட்டாப் போச்சு” என்றாளாம். ஏற்பாட்டையே தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டாள்!

யோசனை நல்லதுதான். ஆனால் சம்பந்தியிடம் யார் சொல்வது? பிள்ளை வீட்டார் தங்கள் பக்கத்து ஜனங்களுக்கெல்லாம் ‘மாலை வரவேற்பு’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லியாகிவிட்டது. கல்யாணத்தில் ஒரு சொல் மாறினால் என்னவெல்லாம் ஆகும் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும். மனுஷர் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மைசூருக்கே நேரில் போய் விஷயத்தைச் சொன்னார்.

சம்பந்தி சிரித்தாராம். “மழைக்கு நாம பத்திரிகை வைக்கிறதில்லே. அது கூப்பிடாமலே வர்ற விருந்தாளி. அதுக்கு முன்னாடி நாம பந்தியை முடிச்சுடுவோம், சம்பந்தி!”

அப்படியே நடந்தது. விடிந்து வெளிச்சம் வந்ததும் புல்வெளியில் மணவறை. புல்லில் பனித்துளி, கற்பூர மரங்களுக்கு நடுவே இளவெயில். ஹோமப் புகை நேராக மேலே போயிற்று. சபையில் பாதிப் பேர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏழரை மணிக்குள் தாலி கட்டியாகிவிட்டது. பத்தரைக்கு மண்டபத்துக்குள் வரவேற்பு. பன்னிரண்டரைக்குக் கடைசிப் பந்தி.

இரண்டு மணிக்கு மேல் வானம் இருண்டது. சுண்டைக்காய் சுண்டைக்காயாக ஆலங்கட்டி விழுந்து, அந்தப் புல்வெளியே அரிசி கொட்டினாற்போல வெள்ளையாயிற்று. மணப்பெண் ஜன்னலருகே நின்று அதைப் பார்த்துக் கொண்டிருந்தாள். அம்மிச்சி தம் சால்வையில் ஒரு பாதியை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். “நான் அப்போதே சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே? இல்லை!

விளக்குக்காரருக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். அன்று மழை வராமலே இருந்திருக்கவும் கூடும். அப்படி வராதிருந்தாலும் அந்தக் கல்யாணத்தில் ஒரு குறையும் இருந்திராது என்பதைக் கவனியுங்கள். வந்தாலும் நஷ்டமில்லை, வராவிட்டாலும் நஷ்டமில்லை. மலையில் ஏற்பாடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பந்தல் கணக்கு

‘மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை, பந்தல்தான்’ என்பவர்கள் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலமுள்ள துணிப் பந்தலின்மேல் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 3,000 லிட்டர். மூன்று டன்! தட்டையான துணி அத்தனையையும் தொட்டில் போலத் தாங்கிக் கொண்டு நிற்கும். பிறகு ஒரே மூச்சில் சபையின் தலையில் அபிஷேகம் செய்யும்.

ஆகவே மலையில் பந்தல் போட்டால் கூரை நல்ல சரிவாக இருக்க வேண்டும். துணியல்ல, தகரம் அல்லது கெட்டித் தார்ப்பாய். சுற்றிலும் தண்ணீர் ஓட ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால். காற்றடிக்கும் பக்கத்தில் மறைப்பு. தரையில் ஜமக்காளத்துக்கு அடியில் பலகை. இல்லாவிட்டால் ஈரம் முதலில் பாட்டிமார்களின் முழங்காலில் ஏறும்.

இந்த மலையின் பூர்வ குடிகளான தோடர்களின் பழைய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டிக் கூண்டு போல வளைந்து தரையைத் தொடும் கூரை. தவழ்ந்து நுழையும் சின்ன வாசல். மழை வழிந்து ஓடுகிறது, காற்றும் நுழைவதில்லை. பல தலைமுறை அநுபவம் அந்தக் கூரையில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார்களுந்தான் என்ன செய்தார்கள்? 1822-ல் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார். பிறகு ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. துரைமார் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஸ்டீபன் தேவாலயத்தின் கூரை இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து யானை பூட்டி இழுத்து வந்த உத்தரங்கள் அந்தக் கூரையைத் தாங்குகின்றன என்கிறார்கள்.

பருப்பின் பிடிவாதம்

அடுத்தது சமையற்கட்டு. இங்கேதான் சமவெளிச் சாமர்த்தியமெல்லாம் தோற்றுப் போகும்.

உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கோவையில் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். “சீக்கிரம் கொதிக்கிறதே, நல்லதுதானே?” என்று கேட்காதீர்கள். கொதித்த பிறகு எத்தனை விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. ஆகவே அரிசி வேக நேரமாகும். பருப்போ வேகவே மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்யும்.

நான் பார்த்த கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்த தவசிப்பிள்ளை அதை அழகாகச் சொன்னார்: “அடுப்பு அதேதானுங்க. மேலே வந்தாப் பருப்புத்தான் வேற புத்தி பண்ணிக்குது!” அவர் துவரம்பருப்பை முன்கூட்டியே ஊற வைத்துப் பெரிய குக்கர்களில் வேக வைத்தார். அரிசி அண்டாவை இறுக மூடிக் கனம் வைத்தார். எல்லா வேலையையும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கினார்.

இட்லி மாவு அந்தக் குளிரில் இரவோடு இரவாகப் பொங்காது. அடுப்படியின் கதகதப்பில் வைக்க வேண்டும், அல்லது கீழே பொங்க விட்டு எடுத்து வர வேண்டும். தயிரும் அப்படித்தான், நேரத்தில் உறையாது. தேங்காயெண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே தானாகவே உறைந்து கட்டியாகிவிடும். நெய்யும் அதற்குத் தங்கைதான். விடியற்காலையில் தலைவாரிப் பின்ன உட்கார்ந்த பெண்கள் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டும் காட்சியை நான் பார்த்தேன்!

பந்தியில் ஒரு சூட்சுமம் உண்டு. இலையில் விழுந்த சாதம் ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். ஆகவே நானூறு பேரை ஒரே பந்தியில் உட்கார்த்தாமல், சின்னச் சின்னப் பந்திகளாகப் பிரித்துச் சுடச் சுடப் பரிமாற வேண்டும். மோரைவிட மிளகு ரசத்துக்குத்தான் அங்கே மவுசு.

பிளாஸ்டிக் புட்டித் தண்ணீர், பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் கொண்டு போகாதீர்கள். நீலகிரியில் அவற்றுக்குத் தடை. வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் இருக்கக் கவலை என்ன?

ஒரு லாபமும் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து வந்த மல்லிகை, கோவையில் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். ஊட்டியில் சாயங்காலம் வரை அன்று கட்டிய சரம் போலவே சிரித்துக் கொண்டிருந்தது.

தவிலுக்கும் குளிரும்

மேளக்காரர்களை மறந்துவிடாதீர்கள். ஈரக் காற்றில் தவிலின் தோல் தளரும், நாதம் அமுங்கும். குளிர்ந்த நாயனத்தில் சுருதி இறங்கும். வாசித்து வாசித்துக் குழலுக்குச் சூடேறினால்தான் இடத்துக்கு வரும். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் இந்தச் சங்கடம் வேண்டாமே! முகூர்த்தத்துக்கு முக்கால் மணி முன்பே அவர்களை வரவழைத்து, உலர்ந்த அறையில் உட்கார வைத்துச் சூடாகக் காப்பி கொடுத்துவிட்டால், மற்றதை அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

விருந்தாளிகளுக்குப் பத்திரிகை வைத்தால் மட்டும் போதாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். கல்யாணம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் புறப்படாதீர்கள். அந்தச் சமயத்து விதி என்ன என்று விசாரித்து, பத்திரிகையோடு சேர்த்தே உறவினர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். மைசூர்ப் பக்கம் இருந்து வருவோருக்குப் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை உண்டு என்பதையும் சொல்லுங்கள். நடுராத்திரி வந்து சேருகிறேன் என்று கிளம்பும் மாமாவைக் காட்டு வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

மே மாதத்தில் மலர்க் கண்காட்சி வேறு. 1848-ல் உருவான தாவரவியல் பூங்காவில் 1896-ல் தொடங்கியது அது. அந்த வாரத்தில் ஊட்டியில் அறை கிடைப்பது, காசியில் கங்கைக் கரையில் இடம் பிடிப்பது போல! முகூர்த்த நாளைக் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு கண்காட்சித் தேதியையும் பாருங்கள்.

மலை ரயிலில் ஏறிக் கல்யாணக் கோஷ்டியாகப் போக வேண்டும் என்று குழந்தைகள் அடம் பிடிக்கும். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டிக்கும் வந்த பற்சக்கர ரயில் அது. 46 கிலோமீட்டர், 16 குகைகள். அநுபவம் ஆனந்தந்தான். ஆனால் ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும். கனமழையில் பாதையில் மண் சரிந்தால் வண்டி நின்றுவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பிரயாணத்தை வைத்துக் கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு வேண்டியவர்களெல்லாம், முக்கியமாகப் புரோகிதரும் தாலியும், முதல் நாள் உச்சிப் பொழுதுக்குள் மேலே இருக்க வேண்டும். மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது கல்யாண அவசரத்துக்கு ஏற்ற காரியமல்ல.

வயதானவர்களை ஒரு நாள் முன்பே அழைத்துப் போய் இளைப்பாற விடுங்கள். இருதய நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. ஆளுக்கொரு கம்பளி, வெந்நீர், மாடி ஏறாத அறை. தாம்பூலப் பையை யோசிப்பதற்கு முன்பு இந்த மூன்றையும் யோசியுங்கள்.

எல்லாம் சரி, இத்தனை தொல்லைப்பட்டு அங்கே போக வேண்டுமா என்கிறீர்களா? நம் பெரியவர்கள் தாலி கட்ட விடியற்காலையைத் தேடியது ஏன் என்பது அந்தப் புல்வெளியில் நின்றால் புரியும். வெயிலுக்கு முன், மழைக்கு முன், பசிக்கு முன் என்று ஒரு நல்ல வேளை இருக்கிறது. மலை நமக்கு ஒதுக்கித் தருவதும் அதே வேளையைத்தான். தொல்லையெல்லாம், அந்த வேளையை விட்டுவிட்டுச் சாயங்காலத்துக்கும் சர விளக்குக்கும் ஆசைப்படும்போதுதான்.

ஆகவே, அடுத்த வசந்தத்தில் உங்கள் வீட்டில் கெட்டிமேளம் ஊட்டியில் கொட்டுவதானால், தாலியை வெளியில் கட்டுங்கள். சாப்பாட்டைக் கூரைக்குக் கீழே போடுங்கள். இரண்டு மணிக்கு மேல் மழை வந்தால், ‘வாருங்கள்’ என்று அதையும் வரவேற்கலாம். வராவிட்டால், எல்லாரும் ஏரிக்கரைக்குப் போய்ப் படகில் ஏறிக் கொள்ளலாம்!